குறிஞ்சி நகரின் அந்தச் 'சிலர்'

யாராவது காலையில் வணக்கம் சொன்னால், இந்த ஆள் மாலைக்குள் என்ன கேட்டு வரப்போகிறான் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார் சிதம்பரநாதன். பாண்டிச்சேரியில் அரசுத் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் எழுதியதில் ஓட்டை தேடியே தலை நரைத்தது. இப்போது தேடுவதற்குக் கோப்புகள் இல்லாததால் மனிதர்களிடம் தேடிக்கொண்டிருந்தார்.

காரைக்காலில் தருமபுரத்தை ஒட்டிய குறிஞ்சி நகரில் வீடு. குறிஞ்சி என்று பெயர் வைத்தவர் மனை விற்றவர். காரைக்கால் முழுக்க அலைந்தாலும் மலை என்று சொல்லிக்கொள்ள ஒரு மேடு அகப்படாது. அந்த இடம் கொஞ்ச காலம் முன்புவரை நெல் விளைந்த வயல். அந்த நகருக்கு ஒரு நலச்சங்கம் உண்டு, அதற்கு இவர்தான் தலைவர். போட்டியின்றித் தேர்வானவர் என்று நோட்டீஸில் போட்டுக்கொள்வார். தேர்தல் நடந்த அன்று வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை என்பதைப் போட்டுக்கொள்வதில்லை.

அவருக்கு இப்போது ஒரே ஆசை. நகரின் நுழைவில் ஓர் அலங்கார வளைவு. அதன் நெற்றியில் தன் அப்பா சோமசேகரனின் பெயர். சங்கத்திடம் இருந்த நிதி ஏதாவது ஒரு வேலைக்குத்தான் காணும். அந்த வேலை வளைவாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. சந்தேகமில்லாத ஒரே விஷயம் என்றும் சொல்லலாம்.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் சம்பந்தி வைத்திலிங்கம். பூவத்தில் அவர் தன் அப்பா பெயரில் பஸ் நிழற்குடை கட்டிவைத்திருக்கிறார். அதில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைவிட, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்து பூவம் எல்லை மதுக்கடையில் தாகம் தணித்துக்கொண்டு படுத்துக் கிடப்பவர்களே அதிகம் என்று சிதம்பரநாதன் கேட்பவரிடமெல்லாம் சொல்வார். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் திரும்பிப் பார்க்காமல் இருக்க அவரால் முடிந்ததில்லை.

சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வைப்பதற்கு முன் வீட்டுக்கு வீடு ஒரு துண்டறிக்கை கொடுப்பது என்று முடிவு செய்தார். எழுத உட்கார்ந்தால் அவருக்குத் தனித் தமிழ் ஒன்று வரும். 'வான்முகட்டை வருடும் வண்ணம் வடிவெடுக்கவிருக்கும் இவ்வெழில்மிகு வாயில், நம் நகரின் மாண்பினை மண்ணுலகுக்குப் பறைசாற்றும் மங்காச் சின்னமாக மிளிரும் என்பதில் ஐயமும் உண்டோ?' என்று தொடங்கி, முற்றுப்புள்ளியே தேவைப்படாமல் இரண்டு பக்கம் போனது.

மருமகள் சிவப்ரியா உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் ஆங்கிலப் பாடம் எடுப்பவள். மகன் பெங்களூரில் இருந்தான். அவள் வேலைக்காக இங்கே மாமனார் வீட்டில் இருந்தாள். அறிக்கையை அவளிடம் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். பாராட்டுக்குத்தான் கொடுத்தார். அவள் கையில் பேனாவோடு படித்தாள்.

"நல்லாருக்கு மாமா. ஆனா எல்லாமே ஒரு பக்கமாவே போவுது. எங்க பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்குடுக்குறது என்னன்னா, எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு நாமளே எழுதிடணும். எழுதி அதுக்குப் பதிலும் சொல்லிடணும். அப்பதான் படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரும்."

"எதிர்த்தரப்பே இல்லம்மா. நகர்ல யாரும் எதிர்க்கல."

"இல்லன்னா நீங்களே யோசிச்சு எழுதுங்க. சொத்தையா எழுதிட்டு அடிக்கக் கூடாது. பலமா எழுதணும். பலமான ஆள அடிச்சாத்தான் மாமா பேரு."

வைத்திலிங்கத்தின் மகள் தனக்கு ஏன் நல்ல யோசனை சொல்கிறாள் என்ற கேள்வி அவருக்குள் லேசாகத் தலைகாட்டியது. ஆனால் 'பேரு' என்ற சொல் அதைவிடப் பெரிதாக நின்றது.

எதிர்த்தரப்பு என்பது படிக்காத தரப்பு. அது எப்படிப் பேசும் என்று காட்ட, தன் உயர்ந்த தமிழைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுதினார். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது:

'சிலர் என்ன சொல்கிறார்கள் என்றால், ஆர்ச்சு கட்டுகிற பணத்தில் முதலில் தண்ணீர் போக வழி பண்ணுங்கள் என்கிறார்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் கடைசித் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறோம். இது வயலாக இருந்த இடம். தண்ணீர் பழைய வழியைத் தேடி வருகிறது, நம் வீடு குறுக்கே நிற்கிறது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஆர்ச்சில் இருக்கிற பேரை யார் அண்ணாந்து படிப்பார்கள்?'

பிறகு ஆணியில் மாட்டியதை எடுத்து மறுபடி அணிந்துகொண்டு பதில் எழுதினார்: 'அந்தோ! இவ்வாறு இயம்புவோர் உயர்நோக்கு எனும் ஒளிவிளக்கை ஏந்தா உள்ளத்தர்; முகமிலா உடல் போன்றதன்றோ வாயிலிலா நகர்!'

சிவப்ரியா திரும்பப் படித்தாள். "அந்த நடு பாரா ரொம்ப நல்லாருக்கு மாமா" என்றாள். அதை மட்டும் ஏன் சொல்கிறாள் என்று அவர் பார்த்தார். அவள் இட்லிப் பானையை இறக்கப் போய்விட்டாள்.

சங்கச் செயலாளர் நாகராஜ் தலத்தெருவில் டைப்பிங் சென்டர் வைத்திருந்தார். அறிக்கையை அவர்தான் அடித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு போட்டார். அன்று சாயங்காலமே வந்து நின்றார்.

"சார், யாரு சார் அது?"

"எது?"

"அதான், சிலர்னு போட்டிருக்கீங்களே. வடிகால் கேக்குற ஆளு."

அப்படி யாரும் இல்லை, சும்மா எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அறிக்கையின் தலைப்பிலேயே 'அனைவரின் கருத்தையும் ஆய்ந்தறிந்து' என்று போட்டிருந்தார். ஒருவரிடமும் ஆயவில்லை என்பதை எப்படிச் சொல்வது? சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணாம் நாகராஜ். பேரச் சொன்னா நல்லாருக்காது" என்றார்.

இதைவிடத் தெளிவாக 'ஆள் உண்டு' என்று சொல்ல முடியாது. நாகராஜ் வாசலைத் தாண்டுவதற்குள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டுவிட்டார்.

மறுநாள் முதல் நகரின் வாட்ஸாப் குழுவில் காலை வணக்கப் படங்கள் நின்றுபோயின. ஒருவர் போட்டதற்கு மற்றவர் கட்டைவிரல்கூடக் காட்டவில்லை. உயர்நோக்கு இல்லாத உள்ளத்தர் யார் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். சிமெண்ட் உறையும் குழாயும் விற்கிற ஜவஹர் அலி மேல்தான் முதலில் கை நீண்டது. வடிகால் என்று வந்தால் குழாய் யார் கடையில் வாங்குவது? அவர் ஸ்கூட்டர் இஞ்சினை அணைக்காமலேயே தலைவர் வீட்டு வாசலில் நின்று பேசினார்.

"ஏன் சார், நான் சொன்னேன்னு சொன்னீங்களாமே."

"நான் எப்பங்க சொன்னேன்?"

"நீங்க சொல்லல. சொல்லலங்குறதுதான் சார் பிரச்சனை. என் நிய்யத்து சுத்தம், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு கெடையாது. குழா விக்கணும்னா நான் நேரா குழா வாங்குங்கன்னு சொல்லுவேன். சிலரு, பலருன்னு பர்தாவுக்குள்ள நின்னு சொல்ல மாட்டேன்."

அடுத்தது தீபா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கடைசித் தெருவின் கடைசி வீடு. தண்ணீர் முதலில் விசாரிக்க வருவது அவள் வீட்டைத்தான். அவள் மார்க்கெட்டில் சிதம்பரநாதனின் மனைவி விசாலாட்சியைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நான் அங்கிள்கிட்ட வாயத் திறந்து பேசுனதே கெடையாது. ஆனா எல்லாரும் என்னைப் பாத்து, உள்ளத்தர் எப்படி இருக்கீங்கன்னு கேக்குறாங்க."

விசாலாட்சி வீட்டுக்கு வந்து கேட்டாள். "யாருங்க அது? எங்கிட்டயாவது சொல்லுங்க."

"யாரும் இல்லடி. நான் எழுதினது."

"எங்கிட்டயே மறைக்கிறீங்க பாருங்க" என்றாள் அவள். இரண்டு நாள் குழம்பில் உப்புத் தூக்கலாக இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், ஊர் முழுக்கத் தேடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நெருப்பில்லாமலா இத்தனை பேர் தேடுகிறார்கள்? யாரோ தன்னிடம் எப்போதோ சொன்னதைத்தான் தான் எழுதிவிட்டோமோ? யார் சொன்னது? எதற்காகச் சொன்னது? அந்த பாராவை எழுதச் சொன்னது யார் என்று யோசித்தபோது எல்லாம் ஓரிடத்தில் வந்து நின்றது. மருமகள். பூவம்.

சாப்பிடும்போது கேட்டார். "உங்கப்பா போன் பண்றாராம்மா?"

"தினம் பண்றாரு மாமா."

"என்ன கேட்டாரு?"

"சாப்டியான்னு."

"அதுக்கு நீ?"

"சாப்டேன்னேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். தணிக்கையில் இருந்தபோது இவ்வளவு சுத்தமான பதில் சொன்னவர்கள் எல்லோருமே பின்னால் மாட்டியவர்கள்தான்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் மழை பிடித்தது. வழக்கம்போல வானிலை அறிவிப்பு நாகப்பட்டினத்துக்குச் சொன்ன மழை காரைக்காலில் பெய்தது. கடைசித் தெருவில் தண்ணீர் ஏறி, தீபா வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டது. முதல் தெருவிலும் ஸ்கூட்டர்கள் சக்கரம் முழுகி நின்றன. அதற்குப் பிறகு காற்று திசை மாறியது.

முதலில் ஜவஹர் அலி குழுவில் எழுதினார்: 'வடிகால் பற்றி நான் நீண்ட நாளாகவே சொல்லிவருகிறேன் என்பது பலருக்கும் தெரியும்.' அரைமணியில் தீபா: 'கடைசித் தெருவில் இருப்பவர்தான் அதைச் சொல்லியிருக்க முடியும். யோசித்துக்கொள்ளுங்கள்.' நாகராஜ்: 'டைப் அடித்தவன் என்ற முறையில் எனக்குச் சில விஷயங்கள் தெரியும். இப்போது சொல்வதற்கில்லை.' போன வாரம்வரை 'சிலர்' என்று சொன்னால் சண்டைக்கு வந்தவர்கள் இப்போது அந்தச் சிலரில் ஒருவராக ஆவதற்கு வரிசையில் நின்றார்கள். யாரோ அந்த நடு பாராவை மட்டும் வெட்டி எடுத்து, பூப்போட்ட சட்டத்துக்குள் வைத்து அனுப்பினார்கள். தலைவரின் பதில் பாராவை யாரும் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூங்காவுக்கென்று விட்டிருந்த மனையில் போட்ட தகரக் கொட்டகையில் கூட்டம். தரை ஈரம். பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் ஒவ்வொன்றாகச் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்ததால், வந்தவர்கள் உட்கார உட்காரக் குட்டையாகிக்கொண்டிருந்தார்கள். சிதம்பரநாதன் ஜிப்பா போட்டு, வளைவின் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். 'சோமசேகரன் நினைவு வாயில்' என்று அதில் தங்க மையில் எழுதச் செய்திருந்தார்.

கூட்டம் தொடங்குமுன் நாகராஜ் காதருகே வந்தார். "சார், நான் எல்லார்கிட்டயும் பேசிட்டேன். தண்ணி எறங்கிடுச்சு, பாதிப் பேருக்குக் கோவமும் எறங்கிடுச்சு. ஆர்ச்சுக்குக் கை தூக்கிடுவாங்க. இந்தச் சிலர் விவகாரம் ஒண்ணுதான் முட்டுது. யாரு சொன்னதுன்னு தெரியாம இவரு அவர மொறைக்கிறாரு, அவரு இவர மொறைக்கிறாரு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. எங்கயோ பேப்பர்ல படிச்சேன், ஆளு வெளியூருன்னு சொல்லிடுங்க. எல்லாரும் அடங்கிடுவாங்க. அப்பா பேரு மேல ஏறிடும்."

"அவ்ளோதானே" என்றார் சிதம்பரநாதன். எங்கேயோ படித்தேன். இரண்டே வார்த்தை. அப்பா வளைவில் ஏறிவிடுவார். நாகராஜுக்கு இதில் என்ன ஆதாயம் என்று ஒரு கணம் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. அதுவே உறுத்தியது. ஆனாலும் சரி என்று தலையாட்டினார்.

மைக்கைக் கையில் வாங்கினார். வாயைத் திறப்பதற்குள் ஜவஹர் அலி எழுந்தார்.

"தலைவர் சார், ஆர்ச்சு இருக்கட்டும். மொதல்ல அந்த பாரா. அத எழுதினது யாரோ, அவரு கெட்டிக்காரரு. தண்ணி பழைய வழியத் தேடி வருது, நம்ம வீடு குறுக்க நிக்குதுன்னு எழுதியிருக்காரே, என்னமா சொல்லியிருக்காரு. என் கடையில ஒட்டி வச்சிருக்கேன். வர்றவன்லாம் நின்னு படிக்கிறான்."

கொட்டகையில் தலைகள் ஆடின. பின்வரிசையில் ஒருவர் அந்த வரியை மனப்பாடமாக முணுமுணுத்தார்.

சிதம்பரநாதன் முப்பத்தைந்து வருஷம் எழுதியிருக்கிறார். குறிப்பு, அறிக்கை, வாழ்த்துமடல், இரங்கல்மடல், பொங்கல் கவிதை. வாங்கியவர்கள் எல்லோரும் 'அருமை சார்' என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர்கள். அவர் எழுதிய ஒரு வரியை யாரும் திரும்பச் சொல்லிக் கேட்டதில்லை. இன்றுதான் முதல்முறை கேட்கிறார். அதை எங்கேயோ படித்தேன் என்று சொல்லிவிட்டு, பெயர் தெரியாத ஒரு வெளியூர்க்காரனுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

"அத எழுதினது நான்" என்றார்.

நாகராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அது பரவியது. ஜவஹர் அலி மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், கோச்சுக்காதீங்க. உங்க எழுத்து எங்களுக்குத் தெரியாதா? நீங்க தண்ணின்னு எழுதுவீங்களா? நீர்ப்பெருக்குன்னுல்ல எழுதுவீங்க."

"அதுல ஒரு 'அந்தோ' கூட இல்லையே அங்கிள்" என்றாள் தீபா.

"நாலு வரிக்கு நாலு முற்றுப்புள்ளி இருந்துச்சு சார்" என்றார் நாகராஜ், வேறு வழியில்லாமல். "உங்களுக்கு நான்தான் இத்தன நாளா டைப் அடிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒண்ணு வச்சாலே அதிகம்."

"எழுதினவருக்குப் பொன்னாடை போத்துவாங்கன்னு தெரிஞ்சதும் தலைவரே வரிசைக்கு வந்துட்டாரு" என்றது பின்வரிசை.

சிதம்பரநாதனுக்குக் காது சூடேறியது. தன்னைச் சந்தேகப்படுகிறார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவரைச் சந்தேகப்பட்ட தன்னை, தன் சொந்தப் பாராவைத் திருடியவன் என்கிறார்கள். வரைபடத்தை நாற்காலியில் வைத்தார். அது உருண்டு சேற்றில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"கேளுங்க" என்றார். "நான்தான் எழுதினேன்னு இப்பக் காட்டுறேன். அந்த பாராவுல எழுதாத விஷயமும் எனக்குத் தெரியும். இந்த எடத்துல வாய்க்கா ஒண்ணு போச்சு. மனை போட்டப்ப அத மண்ணப் போட்டு மூடிட்டாங்க. அது மேலதான் இப்ப நாம உக்காந்திருக்கோம். மழை பெஞ்சா தண்ணி எங்க போவும்? வாய்க்காலத் தேடும். காணோம்னா நம்ம கூடத்துக்கு வரும். அது திருட வரல. அதோட எடத்துக்கு வருது. கடைசித் தெருவுல மட்டும்தானேன்னு முதல் தெரு நெனைக்குது. இந்த வருஷம் உங்க ஸ்கூட்டர் முழுகல? அடுத்த வருஷம் கட்டில் முழுகும். அப்ப வாசல்ல ஆர்ச்சு நிக்கும். அழகா நிக்கும். தண்ணியில அதோட நெழலும் தெரியும். போட்டோ எடுத்துக்கலாம். வேற என்ன பண்றது அத வச்சு?"

சிரித்தார்கள். இந்தமுறை வேறு மாதிரி சிரிப்பு. அவருக்கு அது பிடித்திருந்தது. இன்னும் பேசினார். எந்த மூலையில் வெட்டினால் தண்ணீர் பெரிய வடிகாலில் போய் விழும், எந்த வீட்டுச் சுற்றுச்சுவர் அரை அடி உள்ளே போக வேண்டும், அந்தச் சுவர் தன்னுடையதுதான் என்பது வரைக்கும் சொன்னார். 'மாண்பு', 'மிளிரும்' எதுவும் அவர் வாயில் வரவில்லை. விசாலாட்சி பெண்கள் பக்கமிருந்து அவரை யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முடித்தபோது கொட்டகையில் கைதட்டல் கேட்டது. கூலிக்குத் தட்டாத கைதட்டல்.

"அப்ப வடிகாலுக்கே போட்டுடலாமா சார்?" என்று கேட்டார் நாகராஜ்.

அப்போதுதான் சிதம்பரநாதன் கீழே பார்த்தார். வரைபடத்தில் ஈரம் ஏறி, தங்க மை அப்பாவின் பெயரோடு இளகி ஓடிக்கொண்டிருந்தது.

கைகள் உயர்ந்தன. முதல் தெரு, கடைசித் தெரு, நடுவில் இருந்தவர்கள் எல்லோரும். எதிர்ப்பவர்கள் உண்டா என்று தலைவர்தான் கேட்க வேண்டும். கேட்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மைக் பிடித்திருந்த கையை அவர் கொஞ்சம் உயர்த்தினார், பிறகு மைக்கைச் சரிசெய்வதுபோல இறக்கிக்கொண்டார். "யாருமில்ல" என்றார்.

கூட்டம் கலையும்போது ஜவஹர் அலி அருகில் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார். இந்தப் பேச்சு ஒண்ணு போதும்." பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. இப்பவாவது சொல்லுங்க, யாரு எழுதிக் குடுத்தது? மருமகளா?"

சிதம்பரநாதன் கையை உருவிக்கொண்டு நாகராஜ் பக்கம் திரும்பினார். நாகராஜ் தீர்மானத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

"முன்மொழிஞ்சவரு பேரு போடணும் சார்."

"எம்பேரப் போடுங்க."

நாகராஜ் பேனாவை எடுத்தார், அவர் முகத்தைப் பார்த்தார், ஜவஹர் அலி முகத்தைப் பார்த்தார். "எதுக்கு சார் வம்பு? நாளைக்கு அத எழுதின ஆளு வந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும்" என்றபடி எழுதி நீட்டினார்.

முன்மொழிந்தோர்: சிலர்.

சிதம்பரநாதன் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டவரில்லை. இதையும் இரண்டு முறை படித்தார். பிறகு, தலைவர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.